துப்பாக்கிக்கு முன்னால் ஒரு வார்த்தை

தொப்பூரில் குடியிருப்பவர்களுக்குப் போலீஸ்காரர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தொப்பியும் அல்ல, தடியும் அல்ல. தூக்கிய ஒரு கைதான். பெங்களூரிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலை எங்கள் கணவாயில் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று சில லாரிக்காரர்கள் கியரை விலக்கி, வண்டியை அதன் போக்கில் விட்டுவிடுவார்கள். பாரம் ஏற்றிய வண்டிக்குப் போகப் போக வேகம் கூடும். பிறகு பிரேக்கை மிதித்தால் அது கேட்பதில்லை. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இந்த இறக்கத்தில் நேர்ந்த கோரங்களைப் பத்திரிகை வாசிக்கும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகையால், இறக்கம் தொடங்கும் இடத்தில் ஒரு போலீஸ்காரர் வெயிலில் நின்றுகொண்டு, வருகிற லாரியையெல்லாம் கை காட்டி, “மெதுவாய்ப் போப்பா! கியரிலேயே போ!” என்று தொண்டை வறளக் கத்துவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அவர் பெயரை யாரும் கேட்டதில்லை. அவரைப் பற்றி யாரும் சினிமா எடுத்ததும் இல்லை. ‘இன்று இந்த இறக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லை’ என்பதுதான் அவர் செய்த காரியம். நடக்காத ஒன்றை எப்படிப் படம் பிடிப்பது?

பிடிக்கலாம் என்று கனடா தேசத்தார் காட்டியிருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்ல வந்தேன்.

என் தமையனாரின் புதல்வன் டொராண்டோ நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறான். சென்ற கோடையில் விடுமுறைக்கு வந்தவன் எனக்கு ஒரு சட்டையும், என் தாயாருக்கு ஒரு கம்பளியும், வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு போலீஸ் தொடர் நாடகமும் கொண்டுவந்தான். சட்டை எனக்குப் போதவில்லை. தருமபுரி ஜில்லாக் கோடையில் கம்பளியைப் போர்த்திக்கொள்ள என் தாயாருக்குத் துணிவு வரவில்லை. நாடகம் மட்டும் எல்லோருக்கும் அளவாகப் பொருந்திவிட்டது.

அதன் பெயர் ‘ஃபிளாஷ்பாயிண்ட்’. எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டே போனால், பக்கத்தில் ஒரு பொறி பட்டாலும் குப்பென்று தீப்பிடிக்கக்கூடிய ஒரு சூடு வருமல்லவா? அந்த எல்லைக்கு இங்கிலீஷில் அப்படிப் பெயர். 2008-ம் வருஷம் ஜூலை 11-ந் தேதி கனடாவிலும் அமெரிக்காவிலும் ஒரே இரவில் டெலிவிஷனில் ஆரம்பமாகி, ஐந்து பருவங்கள் நடந்து, 75 கதைகளுடன் 2012 டிசம்பர் 13-ந் தேதி அது முடிந்து போயிற்று. அங்கே முடிந்து எத்தனையோ வருஷங்களான பிறகு தொப்பூரில் ஆரம்பமாயிற்று.

“ஓர் இரவுக்கு ஒரு கதைக்கு மேல் கிடையாது” என்று என் மனைவி சட்டம் போட்டாள். சட்டம் போட்டவளே அதை இரண்டு முறை மீறினாள் என்பது வேறு விஷயம். என் தாயாருக்கு இங்கிலீஷ் தெரியாது. என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ்ப்படுத்திச் சொல்லிக்கொண்டே வருவாள். பாதிக் கதையில், “நீ சும்மா இரு, எனக்குப் புரிகிறது” என்று தாயார் அவளை அடக்கிவிடுவார்.

சென்ற வெள்ளிக்கிழமை கடைசிக் கதையும் முடிந்தது. பெட்டியை அணைத்த பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நெருங்கிய உறவினரை ரயிலேற்றிவிட்டு வந்தவர்கள்போல் உட்கார்ந்திருந்தோம்.

“அந்தத் தலைவர் நாளைக்கு வரமாட்டாரா?” என்று கேட்டார் என் தாயார்.

போலீஸ்காரர் வீட்டுக்கு வரமாட்டார் என்பதற்காக ஒரு குடும்பம் வருத்தப்பட்டது, எங்கள் ஜில்லாவின் சரித்திரத்தில் இதுவே முதல் தடவையாக இருக்கலாம். இந்த அதிசயத்திற்குக் காரணம் என்ன என்று நான் மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

★

போலீஸ் கதை நமக்குப் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே ஆரணி குப்புசாமி முதலியாரும், வடுவூர் துரைசாமி ஐயங்காரும், ஜே. ஆர். ரங்கராஜுவும் துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்து, நம் பாட்டன்மாரையும் பாட்டிமாரையும் தூங்கவிடாமல் செய்தார்கள். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனுக்கு வீட்டுக்கு வீடு பக்தர்கள் இருந்தார்கள். 1942-ல் தேவன் ‘ஆனந்த விகட’னில் சாம்புவைக் கொண்டுவந்தார். சாம்பு ஓர் அசட்டுப் பாங்கிக் குமாஸ்தா. அவர் கால் தடுக்கி விழுகிற இடத்தில்தான் திருட்டுப் போன நகை இருக்கும்! துப்பறியும் சாமர்த்தியத்தையே பரிகாசம் செய்து, அதன் மூலமே தமிழ்நாட்டைக் கட்டிப் போட்ட கதை அது. இவற்றிலெல்லாம் வாசகருக்கு வேண்டியிருந்தது ஒரு முடிச்சு. அதை அவிழ்க்கும் அறிவு, அல்லது அதிர்ஷ்டம்.

பிறகு சினிமா வந்தது. 1974-ல் வெளியான ‘தங்கப்பதக்க’த்தில் சிவாஜி கணேசன் போலீஸ் சூப்பரிண்டெண்ட் சௌத்ரியாக வந்தார். வழி தவறிய சொந்த மகனையே கடமைக்காகச் சுட்டுக் கொன்ற தகப்பனைப் பார்த்துத் தமிழ்நாடு கண்ணீர் விட்டது. அறிவின் இடத்தில் இப்போது கடமை வந்து உட்கார்ந்தது.

இன்னும் சில வருஷங்கள் சென்றன. கடமையின் இடத்தில் புஜபலம் வந்தது. 2003-ல் ‘சாமி’, 2010, 2013, 2017 ஆகிய வருஷங்களில் மூன்று ‘சிங்கங்கள்’, 2018-ல் மறுபடியும் ஒரு சாமி. ஐந்தையும் எடுத்தவர் டைரக்டர் ஹரி. இந்தக் கதாநாயகர்களுக்குக் கோர்ட்டு என்பது வழியில் குறுக்கிடும் ஒரு ரயில்வே கேட். வக்கீல் என்பவர் அந்தக் கேட்டை மூடுகிற ஆள். அவர்கள் கையை ஓங்கினபோதெல்லாம் கொட்டகையில் விசில் பறந்தது. நானும் பார்த்தேன், என் மகனுடன் சேர்ந்து கை தட்டியும் இருக்கிறேன். அதை மறைத்து இப்போது யோக்கியன்போல் எழுதுவது முறையல்ல.

ஆக, அறிவுள்ள போலீஸ், கடமை தவறாத போலீஸ், பலசாலியான போலீஸ் என்று மூன்று வகையையும் நாம் பார்த்தாயிற்று. நான்காவது வகை ஒன்று உண்டென்பது எனக்கு இந்தக் கனடா நாடகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அவர் பொறுமையுள்ள போலீஸ்காரர்.

★

நாடகத்தின் விஷயம் இதுதான். டொராண்டோ நகரத்தில், மிகவும் அபாயமான சமயங்களில் மட்டும் அழைக்கப்படும் ஒரு விசேஷப் போலீஸ் குழு இருக்கிறது. உயரமான கட்டடத்தின் விளிம்பில் ஒருவன் நிற்கிறான். பாங்கியில் ஒருவன் துப்பாக்கியைக் காட்டி ஜனங்களை மடக்கி வைத்திருக்கிறான். மகளுக்கு மாற்று இருதயம் கிடைக்கவில்லையென்று ஒரு தகப்பன் ஆஸ்பத்திரியில் ஆயுதத்தைத் தூக்கிவிட்டான். இவர்களிடம் போய்ச் சேருவதுதான் அக்குழுவின் வேலை. ஸார்ஜெண்ட் கிரெக் பார்க்கர் தலைவர். என்ரிகோ கொலன்டோனி என்னும் நடிகர் அந்த வேஷத்தில் வருகிறார். குறி தவறாமல் சுடக்கூடிய எட் லேன் என்பவராக ஹியூ டில்லன் நடிக்கிறார்.

முதல் கதையில், நகரத்தின் நடுவே பட்டப்பகலில் ஒரு மனிதன் ஒரு ஸ்திரீயைப் பிடித்து வைத்துக்கொண்டு துப்பாக்கியை நீட்டுகிறான். பார்க்கர் அவனிடம் பேசுகிறார். அவன் பதில் சொல்லுகிறான். ஆனால் அவன் பேசுவது குரோஷிய பாஷை. ஒருவருக்கும் புரியவில்லை. “ஐயோ பாவம், அவனுக்கும் இங்கிலீஷ் தெரியாதா?” என்றார் என் தாயார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் அவன் கட்சி. வார்த்தை பலிக்கவில்லை, நேரம் கடக்கிறது, அந்த ஸ்திரீயின் உயிர் ஊசலாடுகிறது. மேலே காத்திருந்த எட் லேன் சுடுகிறார். ஒரே குண்டு. அந்த மனிதன் விழுகிறான்.

இது வெறுங் கற்பனையுமல்ல. 2004 ஆகஸ்டில் டொராண்டோ யூனியன் ஸ்டேஷனுக்கு வெளியே இது போன்ற ஒரு சம்பவம் நடந்தது. அதைக் கண்டு மனம் கலங்கித்தான் மார்க் எல்லிஸ், ஸ்டெஃபனி மோர்கன்ஸ்டர்ன் என்ற தம்பதிகள் இந்த நாடகத்தைச் சிருஷ்டித்தார்கள்.

நம்முடைய படமாயிருந்தால் குண்டு பாய்ந்ததும் வாத்தியங்கள் முழங்கும். கதாநாயகர் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடந்து வருவார். அத்துடன் காட்சி முடியும். இங்கே குண்டு பாய்ந்த இடத்தில்தான் கதை ஆரம்பமாகிறது. எட் லேனின் துப்பாக்கியை உடனே வாங்கிக்கொள்கிறார்கள். கூட இருந்தவர்களிடமிருந்து அவரைப் பிரித்துத் தனியே உட்கார வைக்கிறார்கள். வேறோர் இலாகாவைச் சேர்ந்தவர்கள் வந்து விசாரிக்கிறார்கள். அவர் சுட்டது நியாயந்தான். ஒரு பெண்ணின் உயிர் காப்பாற்றப்பட்டதும் உண்மைதான். இருந்தாலும் ஓர் உயிர் போய்விட்டதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவர் வீட்டுக்குப் போகிறார். மனைவி இருக்கிறாள், மகன் இருக்கிறான். யாரிடமும் அவரால் பேச முடியவில்லை. வெற்றி பெற்ற மனிதனுடைய முகம் அப்படியும் இருக்கும் என்பதை நான் அதற்கு முன் எந்தப் போலீஸ் படத்திலும் கண்டதில்லை.

அந்த விசாரணையும் கதாசிரியரின் கற்பனை அல்ல. ஒண்டாரியோ மாகாணத்தில் 1990-ம் வருஷத்திலிருந்து இதற்கென்றே ஒரு சிறப்பு விசாரணைப் பிரிவு இருந்து வருகிறது. போலீஸாரின் செய்கையால் யாராவது இறந்தாலோ, பலமாகக் காயமடைந்தாலோ, அந்தப் பிரிவினர் வந்துவிடுவார்கள். அதற்குத் தலைவராக வருகிறவர் ஒருபோதும் போலீஸ்காரராக இருந்தவராயிருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம்.

பார்க்கரின் ஆயுதம் அவருடைய காது. துப்பாக்கி பிடித்தவனிடம் அவர் முதலில் கேட்பது பெயர். பிறகு, “இன்று காலையில் என்ன நடந்தது?” என்கிறார். அவன் சொல்வதை அவசரப்படாமல் கேட்கிறார். முதலில் மனத்தால் நெருங்கு, பிறகு மரியாதை கொடு, அதன் பிறகு காப்பாற்று என்பதுதான் அந்தக் குழுவினரின் சூத்திரம். ‘மரியாதை’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள்! ஊர் முழுவதும் ஒருவனைச் சுட்டுத் தள்ள வேண்டுமென்று சொல்லுகிற சமயத்தில், போலீஸ்காரர் ஒருவர் அவனுக்கு மரியாதை கொடுக்கிறார். பத்துக்கு ஏழெட்டுத் தடவை அவன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுகிறான். துப்பாக்கி தரையைத் தொடுகிற அந்தச் சிறு சத்தத்திற்காக நாங்கள் ஒவ்வோர் இரவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

எல்லா இரவும் அப்படி முடியவில்லை. லூ என்ற இளைஞன் ஒரு நாள் கண்ணிவெடியின்மேல் கால் வைத்துவிடுகிறான். காலை எடுத்தால் வெடித்துவிடும். அவனுடைய ஆத்ம நண்பன் ஸ்பைக், வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்வதில் நிபுணன். அவன் தன் உயிரைப் பொருட்படுத்தாமல் உதவிக்கு வரத் துடிக்கிறான். தனக்காக நண்பனும் சாகக் கூடாதென்று லூ தானே காலை எடுத்துவிடுகிறான். அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. என் மனைவி மறுநாள் காலை காப்பி கொடுக்கும்போது, “அந்தப் பையனுக்குத் தாயார் உண்டா?” என்று கேட்டாள்.

★

எங்கள் வீட்டுக்கு வேலை செய்ய வருகிற அம்மாள் ஒருத்தி இருக்கிறாள். மலையடிவாரத்து ஊர்க்காரி. நாடகம் நடக்கும்போது கதவோரத்தில் நின்று பார்ப்பாள். எத்தனை சொன்னாலும் உட்கார மாட்டாள். ஒரு நாள் பார்க்கர் அரை மணி நேரமாக ஒருவனுடன் பேசிக்கொண்டிருந்தார். அவள் மெதுவாக என்னிடம் கேட்டாள்:

“ஏனுங்க சாமி, இது எந்த ஊருப் போலீசு? இத்தனை பொறுமையாப் பேசுதே!”

“கனடா தேசத்துப் போலீஸ், அம்மா.”

“அதானே பார்த்தேன்!” என்றாள்.

அவள் பரிகாசமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஒரு சந்தேகம் நிவர்த்தியானவளைப்போல் சொன்னாள். அதுதான் என்னைச் சுட்டது.

எனக்கும் ஒரு பழைய அநுபவம் உண்டு. பல வருஷங்களுக்கு முன் என் சைக்கிள் திருட்டுப் போயிற்று. ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். அங்கிருந்தவர் என்னை நிற்க வைத்தே, “சைக்கிள் உன்னுடையது என்பதற்கு என்ன ருசு?” என்றார். பிறகு, “பூட்டினாயா?” என்றார். “பூட்டினேன்” என்றேன். “பூட்டினது எப்படித் திருட்டுப் போகும்?” என்றார். அரை மணி நேரத்தில் அந்தச் சைக்கிளை நான்தான் திருடியிருக்க வேண்டும் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. புகாரும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம் என்று வீடு திரும்பினேன். படித்தவன், வெள்ளைச் சட்டைக்காரன், எனக்கே இந்தக் கதி என்றால், கதவோரத்தில் நிற்கிறவளுக்கு எப்படி இருக்கும்?

★

கனடாவில் எல்லாம் பொன்மயம் என்று நான் சொல்லவில்லை. நாடகம் முடிந்து எட்டு மாதம் ஆவதற்குள், 2013 ஜூலையில், அதே டொராண்டோ நகரத்தில் ஸாமி யதீம் என்ற பதினெட்டு வயதுப் பையன் கையில் சிறு கத்தியுடன் ஒரு டிராம் வண்டியில் தனியாக நின்றான். ஜனங்களெல்லாம் இறங்கி ஓடிவிட்டார்கள், வண்டி காலி. வெளியே நின்ற ஒரு கான்ஸ்டபிள் ஒன்பது முறை சுட்டார். பையன் இறந்தான். காது கொடுத்துக் கேட்பதற்குப் பார்க்கர் அங்கே இல்லை.

ஆனால் அத்துடன் விஷயம் முடியவில்லை. அந்தக் கான்ஸ்டபிள்மீது வழக்கு நடந்தது; 2016-ல் கொலை முயற்சிக் குற்றத்திற்காக அவருக்கு ஆறு வருஷச் சிறைத் தண்டனை கிடைத்தது. மனம் கலங்கிய நிலையில் இருப்பவர்களைப் போலீஸார் எப்படி அணுக வேண்டும் என்று ஆராயும்படி, ஸுப்ரீம் கோர்ட்டின் முன்னாள் நீதிபதி ஃபிராங்க் யாகொபுச்சி நியமிக்கப்பட்டார். அவர் 2014-ல் 84 யோசனைகளைச் சொன்னார். அவற்றைப் படிக்கும்போது, ‘இதைத்தானே பார்க்கர் செய்துகொண்டிருந்தார்?’ என்று தோன்றுகிறது.

இதிலிருந்து எனக்கு ஒன்று விளங்கிற்று. போலீஸ் நாடகம் என்பது போலீஸாரின் போட்டோப் படம் அல்ல. ஜனங்கள் தங்களுக்கு எப்படிப்பட்ட போலீஸ் வேண்டுமென்று உள்ளூர ஆசைப்படுகிறார்களோ, அந்த ஆசையின் படம். டொராண்டோ ஜனங்கள், சுடுவதற்கு முன் பேசுகிற போலீஸ்காரரை ஆசைப்பட்டார்கள். நாம் எதை ஆசைப்பட்டோம்?

2019 டிசம்பரில் ஹைதராபாத்துக்கு அருகில், ஒரு பெண்ணைக் கொடுமை செய்து கொன்றதாகப் பிடிக்கப்பட்ட நான்கு பேரைப் போலீஸார் விடியற்காலையில் சுட்டுக் கொன்றார்கள். ஜனங்கள் திரண்டு வந்து போலீஸார்மீது புஷ்பம் சொரிந்தார்கள். ஸுப்ரீம் கோர்ட் நியமித்த கமிஷன் 2022-ல் தன் அறிக்கையைத் தந்தது. தற்காப்புக்காகச் சுட்டோம் என்ற போலீஸாரின் கதை நம்பத்தக்கதல்ல, கொல்ல வேண்டுமென்றே சுடப்பட்டது என்று அதில் கண்டிருந்தது. புஷ்பங்கள் அதற்குள் வாடிப் போயிருந்தன. மோதல் சாவுகளைச் சுயேச்சையாக விசாரிக்க வேண்டும், விசாரணைக்கு முன் உடனே பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கொடுக்கலாகாது என்று ஸுப்ரீம் கோர்ட் 2014 செப்டம்பரிலேயே விதித்திருக்கிறது. பதக்கத்தைத் தங்கத்தில் செய்தாலும் விதி அதுதான்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்திற்கு மேல் கடை திறந்திருந்ததாகச் சொல்லி, ஜெயராஜ் என்ற தகப்பனாரையும் பென்னிக்ஸ் என்ற மகனையும் போலீஸார் காவலில் வைத்தார்கள். சில தினங்களுக்குள் இருவரும் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். தேசமே அதிர்ந்தது. அப்போது டைரக்டர் ஹரி ஓர் அறிக்கை வெளியிட்டார். போலீஸ் இலாகாவைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுகிறேன் என்று அதில் சொன்னார். கை தட்டல் வாங்கிய ஒருவர் அந்தக் கை தட்டலுக்காக வருத்தப்படுவது லேசான காரியமல்ல. அவருடைய அறிக்கையைப் படித்தபோது, கை தட்டின நானும் ஏதாவது எழுதியிருக்க வேண்டும் என்று பட்டது. இப்போதுதான் எழுதுகிறேன்.

இனி எங்கள் ஜில்லாவின் விஷயம். அதைச் சொல்லாமல் விட்டால் கதவோரத்தில் நிற்கிற அந்த அம்மாளை ஏமாற்றினவனாவேன். 1992 ஜூன் 20-ந் தேதி, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி, வனத்துறையினரும் போலீஸாரும் ரெவினியூ அதிகாரிகளும் கூட்டமாக வாச்சாத்திக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். மலைவாழ் ஜனங்களை அடித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்களை மானபங்கம் செய்தார்கள். காக்க வேண்டிய கைகள் செய்த காரியம் அது. வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29-ந் தேதி தருமபுரி கோர்ட்டு தீர்ப்புச் சொல்லும்போது அவர்களில் 54 பேர் இறந்து போயிருந்தார்கள். மற்ற 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. 2023 செப்டம்பர் 29-ந் தேதி சென்னை ஹைக்கோர்ட்டு அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் பத்து லட்ச ரூபாய் கொடுக்கும்படி உத்தரவிட்டது. முன்பு அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்து வந்த நீதிபதி பி. வேல்முருகன் அவர்கள் எழுதிய தீர்ப்பு அது.

முப்பத்தொரு வருஷங்கள்! அத்தனை காலமும் அந்தப் பெண்கள் சலிக்காமல் கோர்ட்டுப் படியேறிச் சாட்சி சொன்னார்கள். பொறுமையைப் பற்றி நான் கனடா நாடகத்தில் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் ஜில்லாவிலேயே, எழுதப் படிக்க வாய்ப்பில்லாதவர்கள், அந்தப் பாடத்தை அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

அதிகாரம் என்பது பாரம் ஏற்றிய லாரி. மேட்டில் ஏறும்போது அதனால் அபாயமில்லை. ஜனங்கள் கை தட்டுகிற இறக்கத்தில்தான் கியரை விலக்கிவிடத் தோன்றும். வண்டி சுகமாக ஓடும். நியாயம் சீக்கிரம் வந்து சேருவதுபோல் இருக்கும். பிரேக் பிடிக்கவில்லை என்பது தெரியும்போது, எதிரே நிற்பவர் யாரோ ஒரு கடைக்காரராகவோ, மலையடிவாரத்து ஸ்திரீயாகவோ இருப்பார்.

★

கடைசிக் கதையைச் சொல்லி முடிக்கிறேன். நகரத்தில் பல இடங்களில் வெடிகுண்டுகள் வைக்கப்படுகின்றன. அந்தக் குழு இதுவரை கண்டிராத சோதனை அது. சிலர் உயிரிழக்கிறார்கள். பார்க்கர் படுகாயமடைகிறார், பழைய வேலைக்கு இனி அவர் திரும்ப முடியாது. காலம் சற்றுக் கடந்த பிறகு அவரைப் பார்க்கிறோம். புதிதாகப் போலீஸில் சேர்ந்த இளைஞர்களின் முன்னால் உபாத்தியாயராக நிற்கிறார். அவர் கையில் இப்போது துப்பாக்கியும் இல்லை, பதக்கமும் இல்லை. தாம் கற்றதைச் சொல்லிக் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

பார்க்கிறவர்கள் இன்னும் ஆசையுடன் இருக்கும்போதே, கதை தன் முடிவை அடைந்துவிட்டது என்று அதை ஆக்கியவர்களே நிறுத்திக்கொண்டார்கள். சரியான இடத்தில் நிற்பதுதானே அந்த நாடகம் முழுவதும் சொன்ன விஷயம்! ஆகையால் எனக்குக் குறையில்லை. ‘அந்தத் தலைவர் நாளைக்கு வரமாட்டாரா?’ என்று என் தாயார் கேட்ட கேள்விக்குத்தான் பதில் தெரியாமல் இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் ஒரு கூஜாவில் மோரை எடுத்துக்கொண்டு கணவாய்ப் பக்கம் நடந்தேன். வழக்கமான போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். மோரை வாங்கிக் குடித்தார். இத்தனை வருஷங்களில் முதல் தடவையாக அவரிடம், “உங்கள் பெயர் என்ன ஐயா?” என்று கேட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஏனுங்க ஐயா? மேலிடத்துக்குப் புகார் ஏதாவது எழுதப் போறீங்களா?” என்றார்.

நாம் போலீஸ்காரரின் பெயரைக் கேட்பது அதற்கு மட்டுந்தான் என்பது அவருடைய அநுபவம்! “இல்லை, சும்மாத்தான் கேட்டேன்” என்று சொல்லி நான் சமாதானம் செய்வதற்குள், மேலே வளைவில் ஒரு லாரி உறுமிக்கொண்டு வந்தது. அவர் ஓடிப்போய்ச் சாலையோரத்தில் நின்று கையைத் தூக்கினார். “மெதுவாய்ப் போப்பா! கியரிலேயே போ!”

லாரிக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். வண்டி மெதுவாக இறங்கிச் சேலம் பக்கம் போயிற்று.

ஒன்றும் நடக்கவில்லை.